பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சு நூல்களைப் பட்டியலிடுதல்

1701 முதல் 1800 வரை ஆங்கில மொழியிலோ பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலோ அச்சான புத்தகங்கள், துண்டுப்பிரசுரங்கள், ஒற்றைத் தாள் அறிவிப்புகள், இதழ்கள் ஆகியவற்றைப் பதிப்புவாரியாகப் பிரித்தறிந்து, எந்தப் பதிப்பின் பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பதிவு செய்யும் நூலியல் பணி இது. இந்தப் பணியில் விளைந்த பெரும் பட்டியலுக்கு 'இங்கிலீஷ் ஷார்ட் டைட்டில் கேட்டலாக்' என்று பெயர், சுருக்கமாக இ.எஸ்.டி.சி. பதினெட்டாம் நூற்றாண்டுக்கென்று தொடங்கப்பட்ட இப்பட்டியல் பிற்பாடு 1473 வரை பின்னோக்கி விரிந்தது. இன்று அதில் ஏறத்தாழ 4,80,000 பதிவுகள் உள்ளன. உலகெங்கும் 2,000-க்கு மேற்பட்ட நூலகங்களின் இருப்பு அவற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் தலைப்பையும் ஆண்டையும் எழுதிக்கொள்ளும் வேலையாகத் தெரியும். சிக்கல் உள்ளே இருக்கிறது. பட்டியலில் ஏற வேண்டியது ஒரு பதிப்பு. பட்டியலாளரின் மேசையில் இருப்பதோ அந்தப் பதிப்பின் ஒரேயொரு பிரதி. அந்தப் பிரதியின் முதல் தாள் கிழிந்து போயிருக்கலாம். பைண்டர் விளம்பரப் பக்கங்களை வெட்டி எறிந்திருக்கலாம். பழைய உரிமையாளர் ஒருவர் வேறொரு பிரதியிலிருந்து தாளை எடுத்துச் செருகியிருக்கலாம். இப்படிக் குறைப்பட்ட ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, அச்சகத்தை விட்டு வெளியே வந்த நாளில் அந்த நூல் எப்படி இருந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். இன்னொரு ஊரில் இன்னொரு பிரதி அகப்பட்டதும் அந்த முடிவு மாறலாம். இந்த இடைவெளியைக் கையாளும் விதத்தில்தான் நல்ல பட்டியலாளரின் திறமை தெரியும்.

அச்சுப் பெருக்கமும் அழிவும்

இங்கிலாந்தில் அச்சு உரிமச் சட்டம் 1695-இல் காலாவதியானது. அதுவரை லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் நகரங்களைத் தவிர வேறெங்கும் அச்சகம் வைக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. தடை நீங்கியதும் பிரிஸ்டல், ஷ்ரூஸ்பரி, எக்ஸெட்டர், நாரிச் என்று ஊருக்கு ஊர் அச்சகங்கள் எழுந்தன. முன்தணிக்கையும் இல்லை. தேர்தல், வரி, போர், மதச் சண்டை, கொலை வழக்கு, அடிமை வணிகம், தேயிலை விலை என எதைப் பற்றியும் ஒருவர் எழுத, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் இருவரையும் சாட, எல்லாமே துண்டுப்பிரசுரங்களாகக் கடைக்கு வந்தன. மேலட்டை கிடையாது. நான்கைந்து தாள்களை மடித்து ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்திருப்பார்கள். விலை பெரும்பாலும் ஆறு பென்னியிலிருந்து ஒன்றரை ஷில்லிங்குக்குள். படித்து முடித்ததும் அது மளிகைக் கடைக்காரருக்குப் பொட்டலம் கட்டப் போய்விடும்.

1710-இல் வந்த பதிப்புரிமைச் சட்டம், பதிவு செய்யப்படும் ஒவ்வொரு நூலிலும் ஒன்பது பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குத் தரச் சொன்னது. ஆனால் புத்தக வணிகர்கள் காப்பாற்றத் தக்க பெரிய நூல்களை மட்டும் பதிவு செய்தார்கள். சில்லறைப் பிரசுரங்களை யாரும் ஒப்படைக்கவில்லை. ஆகவே இன்று எஞ்சியிருப்பவை சட்டத்தால் பிழைத்தவை என்பதைவிடத் தனிமனிதர்களின் சேகரிப்பு ஆசையால் பிழைத்தவை என்பதே பொருந்தும். 1823-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நூலகத்தில் சுமார் 65,000 நூல்களோடு 19,000 துண்டுப்பிரசுரங்களும் இருந்தன. சார்லஸ் பர்னி என்ற பள்ளி ஆசிரியர் சேர்த்து வைத்த செய்தித்தாள்கள் 1818-இல் அவருடைய நூலகத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கப்பட்டன. அந்தக் காலச் செய்தித்தாள்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அந்த ஒருவரின் தொகுப்பால் கிடைத்தது.

சேகரித்தவர்கள் வேறொரு வழக்கத்தையும் விட்டுச் சென்றார்கள். பத்துப் பன்னிரண்டு பிரசுரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரே தோல் அட்டைக்குள் பைண்டு செய்து, முதுகில் 'பிரசுரங்கள்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். பிரசுரங்களின் அளவு ஒன்றுபோல வரவேண்டும் என்பதற்காக ஓரங்கள் நறுக்கப்பட்டிருக்கும். அந்த நறுக்கில் அடிக்கடி பலியாவது பக்கத்தின் அடியில் உள்ள விலைக்குறிப்பு அல்லது ஆண்டு. உள்ளே உரிமையாளர் கையால் எழுதிய பொருளடக்கம் இருந்தால் பட்டியலாளரின் அதிர்ஷ்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலகர்கள் பலர் இத்தகைய தொகுதிகளில் முதல் பிரசுரத்தை மட்டும் பதிந்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள். அலமாரியில் இருநூறு ஆண்டு இருந்தும் பட்டியலில் இல்லாத நூல்கள் இப்படி உருவானவை. அவற்றை வெளியே கொண்டுவர ஒவ்வொரு தொகுதியையும் கையில் எடுத்துத் தாள் தாளாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பிரசுரம் எவ்வளவு எளிதாக மறையும் என்பதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளினே சாட்சி. 19 வயதில் லண்டனில் சாமுவேல் பாமரின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தபோது, 1725-இல், மனித சுதந்திரத்தையும் இன்ப துன்பத்தையும் பற்றி ஒரு தத்துவப் பிரசுரம் எழுதி அச்சிட்டார். நூறு பிரதிகள்தான். முகப்பில் ஆசிரியர் பெயரும் இல்லை, அச்சகப் பெயரும் இல்லை. பின்னர் கருத்து மாறி, கையில் மிஞ்சியவற்றை அவரே எரித்தார். இன்று தெரிந்த பிரதிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். தம் வரலாற்றில் அவர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஆசிரியர் யாரென்று தெரியாத ஆயிரக்கணக்கான பிரசுரங்களில் இதுவும் ஒன்றாகக் கிடந்திருக்கும்.

பட்டியல் பிறந்த விதம்

1475 முதல் 1640 வரை அச்சான ஆங்கில நூல்களுக்குப் பொல்லார்டும் ரெட்கிரேவும் தயாரித்த சுருக்கத் தலைப்புப் பட்டியல் 1926-இல் வெளியானது. யேல் பல்கலைக்கழக நூலகர் டொனால்ட் விங் 1641–1700 காலத்துக்கான மூன்று தொகுதிகளை 1945-க்கும் 1951-க்கும் இடையில் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் யாரும் கைவைக்கவில்லை. காரணம் அளவு. ஒரு மனிதர் அட்டைகளில் எழுதி முடிக்கும் எல்லையை அது தாண்டிவிட்டிருந்தது.

துணிந்தவர்கள் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பட்டியலாளராக இருந்த டேவிட் ஃபாக்ஸன், 1701–1750 காலத்தில் தனி நூலாக அச்சான ஆங்கிலக் கவிதைகளைத் தேடித் தேடிப் பார்த்து 1975-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அரை நூற்றாண்டின் கவிதை மட்டுமே ஏறத்தாழ பத்தாயிரம் பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் மறுஅச்சு எது, திருட்டு அச்சு எது, தாள் மாற்றப்பட்டது எது என்று அவர் காட்டிய நுணுக்கத்துக்கு இன்றும் ஈடில்லை. அமெரிக்காவில் சார்லஸ் எவான்ஸ் அதற்கு முன்பே, 1903 தொடங்கி, அங்கு அச்சான எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் தொகுக்க முற்பட்டார். 1799-ஆம் ஆண்டின் நடுவில் நிற்கும்போது 1935-இல் காலமானார். மீதியை கிளிஃபர்ட் ஷிப்டன் முடித்து 1955-இல் வெளியிட்டார். எவான்ஸின் உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் அவர் செய்தித்தாள் விளம்பரங்களையும் நம்பிப் பதிந்தார். 'விரைவில் வெளிவரும்' என்று அறிவிக்கப்பட்டு ஒருபோதும் அச்சாகாத நூல்களும் அவர் பட்டியலில் ஏறின. நூலியலாளர்கள் அவற்றைப் பேய்ப் பதிவுகள் என்கிறார்கள். ஒரு பேய் பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது கடினம். ஒரு நூல் இருக்கிறது என்று காட்ட ஒரு பிரதி போதும், இல்லவே இல்லை என்று காட்ட எல்லா நூலகத்தையும் தேட வேண்டும்.

1976 ஜூனில் பிரிட்டிஷ் நூலகமும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வுக்கான அமெரிக்கக் கழகமும் லண்டனில் ஒரு மாநாடு கூட்டின. அங்கே முடிவானது: இந்த நூற்றாண்டைக் கணினியில்தான் பட்டியலிட முடியும். மறு ஆண்டு ராபின் ஆல்ஸ்டன் தலைமைப் பதிப்பாசிரியரானார். ட்ரினிடாடில் பிறந்த ஆல்ஸ்டன், 1800 வரை வெளியான ஆங்கில இலக்கணங்கள், அகராதிகள், எழுத்துப் பயிற்சி நூல்கள் ஆகியவற்றுக்கு நூலகம் நூலகமாக அலைந்து பட்டியல் தயாரித்தவர். பழைய பட்டியல் அட்டைகளைப் பெயர்த்தெழுதிக் கணினியில் ஏற்றினால் பழைய பிழைகளும் சேர்ந்தே ஏறும் என்பதால், பிரிட்டிஷ் நூலகத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களை அவருடைய குழு அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தே பதிந்தது. இந்த முடிவு பல ஆண்டு உழைப்பைக் கேட்டது. பட்டியலின் நம்பகத்தன்மைக்கு இன்றுவரை அடித்தளமாக இருப்பதும் அதுவே. 1983-இல் முதற்பயன் மைக்ரோஃபிஷ் வடிவில் வெளிவந்தது.

அமெரிக்கப் பகுதியை ஹென்றி ஸ்னைடர் முதலில் லூசியானாவிலும் பிறகு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடிலும் நடத்தினார். பிற நூலகங்கள் தங்களிடமுள்ள நூல்களின் முகப்புப் பக்கங்களை நகலெடுத்து அனுப்பின. அவற்றை இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் நூலகத்தின் பெயரைச் சேர்ப்பது, போகாவிட்டால் புதுப் பதிவு திறப்பது என்று வேலை நடந்தது. அமெரிக்க மண்ணில் அச்சானவற்றை வூஸ்டர் நகரிலுள்ள அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி ஏற்றுக்கொண்டது. பதிவு எண்ணின் முன்னெழுத்தே இந்த வரலாற்றைச் சொல்லும். டி எழுத்தில் தொடங்குபவை பிரிட்டிஷ் நூலகத்தில் பதிந்தவை. என் எழுத்துக்குரியவை பிற நூலகங்களிலிருந்து வந்தவை. டபிள்யூ அமெரிக்க அச்சு. 1987-இல் முந்தைய இரண்டு நூற்றாண்டுகளையும் சேர்த்துக்கொள்ளும் முடிவு எடுக்கப்பட்டபோது 'எய்ட்டீன்த் செஞ்சுரி' என்று இருந்த பெயர் 'இங்கிலீஷ்' என்று மாறியது. 2006 முதல் பட்டியல் இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது.

மேசையில் ஒரு நூல்

பட்டியலாளர் முதலில் பார்ப்பது தாளை. கையால் செய்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஓர் அங்குல இடைவெளியில் இணைகோடுகள் தெரியும். தாள் வார்க்கும் சல்லடையின் கம்பிகள் விட்ட தடம் அது. ஒரு முழுத் தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம், அதற்கு ஃபோலியோ என்று பெயர். கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும். இருமுறை மடித்தால் எட்டுப் பக்கக் குவார்ட்டோ; கோடுகள் படுக்கைவாட்டில் ஓடும். மும்முறை மடித்த ஆக்டேவோவில் பதினாறு பக்கம், கோடுகள் மீண்டும் நிமிரும். நூலின் உயரத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் தாளின் அளவே பலவாறாக இருந்தது. அதோடு பைண்டர் ஓரத்தை நறுக்கியிருப்பார். ஜான் பாஸ்கர்வில் 1757-இல் அச்சிட்ட வர்ஜிலில் கோடில்லாத வழவழப்பான புதுவகைத் தாள் ஒரு பகுதிக்குப் பயன்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தாள் பரவியதும் இந்தச் சோதனை கைவிட்டுப் போகிறது.

அடுத்தது பாரக் குறி. தமிழ்நாட்டு அச்சகங்களில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்று கணக்கிடுவதுபோல அங்கும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு குறியெழுத்து உண்டு. பைண்டர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காக, பக்கத்தின் அடியில் ஏ, பி, சி என்று போட்டிருப்பார்கள். லத்தீன் அரிச்சுவடியின் வழக்கப்படி ஜே, டபிள்யூ இரண்டையும், யூ–வி இணையில் ஒன்றையும் விட்டுவிட்டு 23 எழுத்துகள். இவற்றை எண்ணி ஒரு சூத்திரமாக எழுதினால் நூலில் எத்தனை தாள் இருந்திருக்க வேண்டும், எது குறைகிறது என்பது தெரிந்துவிடும். ஏ வரிசையில் மூன்று தாள்தான் இருக்கிறது, முதல் தாளைக் காணோம் என்றால், அது வெறுமையாக இருந்ததா, நூலின் பெயர் மட்டும் அச்சான அரைத்தலைப்புத் தாளா, விலை அச்சிட்டிருந்ததா என்ற கேள்வி எழும். முழுமையான இன்னொரு பிரதியைத் தேடிப் பார்த்தால்தான் விடை.

அதே அடிப்பக்கத்தில் சில நூல்களில் தனியாக ஒரு சிறு எண் நிற்கும். பாரக் குறியோடும் பக்க எண்ணோடும் அதற்குச் சம்பந்தமில்லை. அச்சுப்பொறியில் நின்றவர் தம் கூலிக் கணக்குக்காகப் போட்டுக்கொண்ட எண் என்பது நூலியலாளர்களின் முடிவு. வாசகருக்குப் பயனற்ற இந்த எண், பட்டியலாளருக்குப் பெரும் துணை. சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பிரதிகளில் இந்த எண்கள் வேறு பக்கங்களில் நின்றால், அவை ஒரே ஓட்டத்தில் அச்சானவை அல்ல என்ற சந்தேகம் உடனே வரும்.

மிகவும் கவனம் கேட்பது மாற்றுத்தாள். அச்சு முடிந்தபின் ஒரு பிழையோ வழக்குக்கு இடமான வரியோ கண்ணில் பட்டால், அந்தத் தாளை மட்டும் வெட்டிவிட்டு, திருத்திய தாளை ஒட்டுவார்கள். நூலை மெல்ல விரித்துத் தையல் பக்கம் பார்த்தால், வெட்டியதன் மிச்சமாக ஒரு விரற்கடை அகலத் தாள்துண்டு நிற்கும். புதுத் தாள் அதன்மேல் பசையால் ஒட்டியிருக்கும். சில சமயம் கோடுகளின் இடைவெளி பக்கத்துத் தாளோடு ஒத்துப்போகாது. பைண்டர் கவனக்குறைவாக இருந்த ஏதாவது ஒரு பிரதியில் பழைய தாள் வெட்டப்படாமல் தங்கியிருக்கும். ஆசிரியர் எதை மறைக்க நினைத்தாரோ அது அந்த ஒரு பிரதியில்தான் படிக்கக் கிடைக்கும்.

ஜொனாதன் ஸ்விஃப்ட்டின் 'கல்லிவரின் பயணங்கள்' இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் நூல். பெஞ்சமின் மோட் அதை 1726 அக்டோபர் 28-இல் வெளியிட்டார். ஸ்விஃப்ட்டின் பெயர் எங்கும் இல்லை. கல்லிவர் என்ற கப்பல் மருத்துவரே எழுதியதாக முகப்பு சொன்னது. நூல் பரபரப்பாக விற்றதால் அந்த ஆண்டு முடிவதற்குள் மோட் மூன்று ஆக்டேவோ பதிப்புகளைக் கொண்டுவந்தார். மூன்றிலும் அதே ஆண்டு, அதே வெளியீட்டாளர். விற்பனைக்காரர்கள் எல்லாவற்றையும் முதற்பதிப்பு என்றே விற்றார்கள். ஸ்விஃப்ட் நூலியலாளர் ஹெர்மன் டேரிங்க் அவற்றுக்கு ஏ, ஏஏ, பி என்று குறியிட்டுப் பிரித்தார். கல்லிவரின் படத்திலும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் பெயர் படத்துக்குக் கீழே இருக்கும். மற்றதில் நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றி ஓடும். வேகத்துக்காகவும் ரகசியத்துக்காகவும் மோட் நூலைத் துண்டு துண்டாக ஐந்து அச்சகங்களுக்குக் கொடுத்திருந்தார். எந்த அச்சகத்தின் பெயரும் நூலில் இல்லை. அத்தியாயத் தலைப்பில் வரும் மர அலங்காரக் கட்டைகளின் தேய்மானத்தையும் கீறலையும் வேறு நூல்களோடு ஒப்பிட்டே அவை அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஒன்றை நடத்தியவர் ஜேன் ஐலிவ் என்ற பெண்.

முகப்புப் பக்கத்தை நம்பலாமா

சுருக்கத் தலைப்புப் பட்டியல் என்று பெயர் இருந்தாலும் இ.எஸ்.டி.சி. பதிவுகளில் தலைப்பு போதிய நீளத்துக்கு அப்படியே பெயர்த்தெழுதப்படும். வெளியிட்டோர், விற்றோர் பெயர்களும் முகவரியும் விடப்படுவதில்லை. ஒரு காற்புள்ளி வேறுபாடும் வேறு பதிப்பைக் காட்டிக்கொடுக்கலாம் என்பதே காரணம். ஆனால் பெயர்த்தெழுதிய எல்லாம் உண்மையாகிவிடாது.

அலெக்சாண்டர் போப்பின் 'டன்சியாட்' 1728-இல் வந்தபோது, டப்ளினில் அச்சாகி லண்டனில் ஏ. டாட் என்பவருக்காக மறுஅச்சு ஆனதாக முகப்பு அறிவித்தது. அதற்கு முந்தைய டப்ளின் அச்சு எதுவும் கிடையாது. உயிரோடிருந்த எழுத்தாளர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்த கவிதை என்பதால் பொறுப்பைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். ஏ. டாட் உண்மையான ஆள்தான்: ஆன் டாட், பிரசுரங்கள் விற்ற பெண்மணி. அவரைப் போலவே ஜேம்ஸ் ராபர்ட்ஸ், மேரி கூப்பர் ஆகியோரின் பெயர்கள் ஏராளமான முகப்புகளில் வரும். அவர்கள் விநியோகஸ்தர்கள், பதிப்புரிமை வைத்திருந்தவர் பின்னால் மறைந்திருப்பார். செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகில் கடை வைத்திருந்ததாக அடிக்கடி வரும் 'ஏ. மூர்' மட்டும் கற்பனைப் பெயர். வில்லங்கமான பிரசுரத்துக்கு யாரும் பொறுப்பேற்காதபோது அந்தப் பெயர் போடப்பட்டது.

ஆண்டும் ஏமாற்றும். ஆண்டின் கடைசி வாரங்களில் வெளியாகும் நூலுக்கு அடுத்த ஆண்டைப் போட்டுவிட்டால் பல மாதம் புதுநூல் என்று விற்கலாம். சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' 1740 நவம்பரில் கடைக்கு வந்தது, முகப்பில் 1741. இதோடு இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே பிப்ரவரி 1725 என்று தேதியிட்ட அரசாங்க அறிவிப்பு இன்றைய கணக்கில் 1726-ஆக இருக்கலாம். பட்டியலாளர் முகப்பிலுள்ள ஆண்டை அப்படியே எழுதிவிட்டு, தாம் கண்ட உண்மை ஆண்டைச் சதுர அடைப்புக்குள் சேர்ப்பார். அச்சிட்டவரின் கூற்றும் தம் முடிவும் கலந்துவிடாமல் காப்பது அந்த அடைப்புக்குறி.

'மூன்றாம் பதிப்பு' என்ற அறிவிப்பும் அப்படித்தான். எட்மண்ட் கர்ல் போன்ற வணிகர்கள் விற்காமல் தேங்கிய பிரதிகளுக்குப் புது முகப்பு ஒட்டி மீண்டும் விற்றார்கள். உள்ளே ஓர் எழுத்தும் மாறியிராது. நூலியலில் இது புதிய பதிப்பு ஆகாது, அதே பதிப்பின் வேறொரு வெளியீடு. தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' முதல் பாகத்தை ஜோசப் ஜான்சன் 1791 பிப்ரவரியில் அச்சிட்டு முடித்தார். அரசாங்கத்துக்கு அஞ்சிக் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். மார்ச்சில் ஜே. எஸ். ஜோர்டன் தம் பெயரில் வெளியிட்டார். ஜான்சன் பெயர் தாங்கிய பிரதிகள் மிகச் சிலவே தப்பின. ஒரு பதிப்பாளரின் அச்சத்துக்கு அந்தச் சில முகப்புத் தாள்கள் ஆவணம். பெயினின் முந்தைய பிரசுரமான 'பொது அறிவு' 1776 ஜனவரி 10-இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் பெல் அச்சகத்தில் வெளிவந்து, அதே ஆண்டில் 25 பதிப்புகளைக் கண்டது. பெல்லோடு சண்டையிட்ட பெயின் விரிவாக்கிய வடிவத்தை வேறு அச்சகத்தில் கொடுக்க, பெல் மற்றவர்களின் எழுத்தைச் சேர்த்துத் தம் பதிப்பையும் பருக்க வைத்தார். எந்தப் பிரதியில் யார் எழுதிய பக்கங்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டாத பட்டியல் பெயினைப் பற்றி எழுதுபவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஆசிரியர் பெயர் இல்லாத பிரசுரங்களில் டேனியல் டிஃபோ அளவுக்குச் சுமை ஏற்றப்பட்டவர் வேறு யாருமில்லை. நடை அவருடையதுபோல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நூற்றுக்கணக்கான பிரசுரங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஜான் ராபர்ட் மூர் 1960-இல் வெளியிட்ட பட்டியலில் 500-க்கு மேற்பட்ட தலைப்புகள் இருந்தன. ஃபர்பேங்க், ஓவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று என்று கேட்டு, 1994-இல் சுமார் 250 தலைப்புகளைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். 'ராபின்சன் குரூசோ' எழுதியவரின் வாழ்க்கை வரலாறுகள் இந்தச் சந்தேகப் பிரசுரங்களையும் நம்பி எழுதப்பட்டவை என்பதால் அதிர்ச்சி பலமாகவே இருந்தது.

தரங்கம்பாடியும் வேப்பேரியும்

இ.எஸ்.டி.சி.யின் எல்லை விதி எளியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் எந்த மொழியில் அச்சானாலும் இடமுண்டு. வேறு பகுதியில் அச்சானால் ஆங்கிலமாக இருக்க வேண்டும். செதுக்கு வரைபடங்கள், இசைக்குறிப்புகள், நாடகக் கொட்டகை அறிவிப்புகள், நிரப்புவதற்கான வெற்றுப் படிவங்கள் போன்றவை சேராது.

இந்த விதி தமிழ் அச்சு வரலாற்றை இரண்டாகப் பிளக்கிறது. தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. சீகன்பால்கு பாதிரியார் அங்கே 1715-இல் முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு விதிப்படி இடமில்லை. அதே அச்சகத்தில் 1716-இல் அச்சான தாமஸ் டைக்கின் ஆங்கில வழிகாட்டி நூலுக்கு இடமுண்டு. சென்னை நிலவரம் வேறு. 1761-இல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த பிரெஞ்சு அச்சகத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலைகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியுஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே 1779-இல் வெளியான அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி, சுவிசேஷ நூல்கள், கிழக்கிந்தியக் கும்பெனி அறிவிப்புகள் எல்லாமே தமிழாக இருந்தாலும் இப்பட்டியலுக்கு உரியவை. அகராதியின் முகப்பு மொழியை 'மலபார்' என்று குறிப்பிடுகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். பெயரைப் பார்த்து மலையாளம் என்று பதிந்துவிடும் ஆபத்து பட்டியலாளருக்கு உண்டு. தெற்காசிய அச்சுகளை 1556 முதல் 1800 வரை தனியே தொகுத்த கிரஹாம் ஷாவின் 1987-ஆம் ஆண்டுப் பட்டியல் இந்தப் பிளவைச் சரிசெய்கிறது. அதில் கோவா, தரங்கம்பாடி, சென்னை, கல்கத்தா எல்லாம் ஒரே கூரைக்குள் வருகின்றன.

படச்சுருளிலிருந்து கணினிக்கு

பட்டியல் வளரும்போதே அதைப் பின்பற்றி நூல்களை மைக்ரோஃபிலிமில் எடுக்கும் வேலை 1982-இல் தொடங்கியது. அந்தச் சுருள்களே 2003-இல் கேல் நிறுவனத்தின் 'எய்ட்டீன்த் செஞ்சுரி கலெக்ஷன்ஸ் ஆன்லைன்' ஆயின. பின்னர் வந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்து 1,80,000-க்கு மேற்பட்ட தலைப்புகளை இன்று பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், சொல்லைக் கொடுத்துத் தேடலாம். ஆய்வு முறையையே மாற்றிய வசதி இது. ஆனால் அதன் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. திரையில் தெரிவது ஒரு பிரதி மட்டும். அந்தப் பிரதியில் அரைத்தலைப்பு இல்லையென்றால் படிப்பவருக்கு அந்தப் பதிப்பிலேயே அது இல்லை. தாளின் கோடும் ஒட்டிய தாளின் விளிம்பும் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் எஸ் எழுத்தை எஃப் போலவே நீட்டி அச்சிடும் வழக்கம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள் வரை நீடித்ததால் கணினி 'சேம்' என்பதை 'ஃபேம்' என்று படித்துவிடுகிறது. தேடிக் கிடைக்கவில்லை என்பதை நூலில் இல்லை என்று எடுத்துக்கொண்டால் ஆய்வு தவறிப்போகும்.

அதே படங்களைக் கொண்டு வேறு நல்ல காரியமும் நடக்கிறது. பக்கங்களிலிருந்து மர அலங்காரங்களைக் கணினியே பிரித்தெடுத்து ஒப்பிடும் தரவுத்தளங்கள் உருவாகியுள்ளன. பெயர் போடாத ஒரு பிரசுரத்தை அச்சிட்டவர் யாரென்று கண்டறிய முன்பு ஆண்டுக்கணக்கில் செய்த ஒப்பீட்டை இவை எளிதாக்குகின்றன. வில்லியம் பௌயர், வில்லியம் ஸ்ட்ரேஹன் ஆகிய அச்சகத்தாரின் கணக்கேடுகள் தப்பிப் பிழைத்திருப்பதால், எந்த நூல் எத்தனை பிரதி அச்சானது என்ற விவரத்தையும் சில பதிவுகளோடு பொருத்த முடிகிறது.

2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்புகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நூலகத்தின் பிற சேவைகளோடு இ.எஸ்.டி.சி.யும் முடங்கியது. பழைய அச்சு நூல்களைக் கையாளும் எவருக்கும் பதிவு எண்ணே பொது அடையாளம். விற்பனைப் பட்டியலும் ஆய்வுக் கட்டுரையும் அந்த எண்ணைச் சொல்லித்தான் நூலைக் குறிக்கும். அது இல்லாமல் அன்றாட வேலை தடைப்பட்டது. ஆய்வாளர்கள் முன்பே பெற்று வைத்திருந்த தரவுகளைக் கொண்டு மாற்று வடிவங்கள் இணையத்துக்கு வந்தன. ஒரே நிறுவனத்தின் கணினியை நம்பி ஒரு நூற்றாண்டின் அச்சுக் கணக்கை வைக்கலாமா என்ற விவாதம் அதன்பின் வலுத்தது. நகல்கள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் பக்கமே நியாயம் இருக்கிறது.

பட்டியல் இன்னும் முடியவில்லை. பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் கிராமத்து மாளிகைகளின் நூலகங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பதிவாகியபோது வேறெங்கும் தெரியாத பதிப்புகள் கிடைத்தன. உள்ளூர் அச்சகத்தில் அடித்த தேர்தல் பிரசுரம், பண்ணை ஏல அறிவிப்பு, குழந்தைகளின் எழுத்துப் புத்தகம் போன்றவைதான் இப்படி அதிகம் தலைகாட்டும். கண்டெடுத்த நூலகர் முகப்பு, கடைசிப் பக்கம், பாரக் குறிகள் ஆகியவற்றின் படங்களை அனுப்புகிறார். இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டபின் ஒத்தது எதுவும் இல்லையென்றால் அதற்குப் புதிய எண் தரப்படுகிறது, இருப்பிடம் என்ற வரியில் ஒரே ஒரு வீட்டின் பெயர் ஏறுகிறது.